ஐயரம்மாவுக்கு என்ன சம்பளம்?

மாற்றலாகி வரும் பாதிரியாரைச் சபையார் வரவேற்கும் கூட்டங்கள் சிலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சி. அங்கே எனக்குக் கிறிஸ்தவ நண்பர்கள் உண்டு. கூப்பிட்டால் போகிறேன். கேக்கும் மிக்ஸரும் தருவார்கள் என்பதையும் மறைப்பானேன்?

நான் சொல்வது லூர்து மாதா கோயிலை அல்ல. அங்கே குருமார் பிரம்மசாரிகள். குடும்பம் என்ற பேச்சே எழாது. புராட்டஸ்டண்டு சபைகளில் ஐயரோடு மனைவியும் மக்களும் வருகிறார்கள். ('ஐயர்' என்றால் பாதிரியார், 'ஐயரம்மா' அவர் மனைவி. பழைய கிறிஸ்தவ வழக்கு. எங்கள் ஸ்ரீரங்கத்தில் சொன்னால் கேட்கிறவர் குழம்பிப் போவார்.)

ஐயருக்கு மாலை, பொன்னாடை, வரவேற்பு மடல். அம்மாளுக்கும் ஒரு பூச்செண்டு உண்டு. செண்டு கைக்கு வந்த மறுநிமிஷமே வேலையும் வந்துவிடுகிறது. பெண்கள் சங்கத்துக்குத் தலைமை, ஞாயிறு பள்ளி, துக்க வீடுகளுக்குப் போவது, குருமனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி. சம்பளம்? பூஜ்யம். அந்த அம்மாள் முந்தின ஊரில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தாரா, பெண்ணுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததா, குருமனைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எந்த மேடையிலும் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆயுளில் ஒரு கிருகப்பிரவேசம். இவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நூறு மாமியார்.

"இது ஊழியம் ஐயா, இதில் கூலி பேசலாமா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். ஊழியம் என்றால் செய்கிறவர் மனமுவந்து வர வேண்டும். மைக் பிடித்தவர் இன்னொருவரை நேர்ந்துவிடக் கூடாது.

கோட்டையில் தெப்பக்குளத்தருகே இருக்கும் கிறைஸ்ட் சர்ச்சை 1766-ல் கட்டிய சுவார்ட்ஸ் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஐயரம்மா இல்லாமல் அந்தச் சபை என்ன கெட்டுப் போயிற்று? பிஷப் ஹீபரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி காலை, கோட்டைக் கோயிலில் ஆராதனையை முடித்துவிட்டுத் திரும்பியவர், குளிக்க இறங்கிய தண்ணீரிலேயே இறந்தார். புனித யோவான் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. ஊரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அவருடைய இந்தியப் பயணக் குறிப்புகளை 1828-ல் புத்தகமாக வெளியிட்டவர், இரண்டு பெண் குழந்தைகளோடு விதவையாகிவிட்ட அவர் மனைவி அமீலியா. அந்தப் பெயரைத் திருச்சியில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

இன்று தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013-ல் நந்தியாலுக்குப் பேராயராகவே புஷ்பலலிதா வந்தார். நல்லது. கல்யாணமான ஒரு பெண் குருவானவர் உங்கள் சபைக்கு வந்தால், அவருடைய கணவரைக் கூப்பிட்டு ஞாயிறு பள்ளியையும் காபியையும் ஒப்படைப்பீர்களா? ஆபீசுக்குப் போகிற மனுஷரைத் தொந்தரவு செய்யலாமா என்பீர்கள்.

வரவேற்பு மடல் அச்சடிக்கிற பெரியவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த ஐயர் வருமுன் குருமனைக்கு ஒரு பிளம்பரை அனுப்புங்கள். அம்மாளிடம் உங்களுக்கு எதில் விருப்பம் என்று கேளுங்கள். ஒன்றிலும் இல்லை என்றால், நீங்கள் பிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.