வாடகை முற்பணத்துக்கும் வழி வேண்டும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சிலர் ஒரு வருடத்தை முழுதாகக் கேட்கிறார்கள். மாதம் 15,000 ரூபா வாடகை என்றாலும் ஆறு மாதத்துக்கு 90,000 ரூபா. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பம் இதற்கு எங்கே போகும்? மிக வறிய பிரிவினருக்கே 2025 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 17,500 ரூபாதான். அதில் வாடகைக்கென்று தனி உதவி கிடையாது. கடைசியில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, அல்லது மீற்றர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் இராணுவத்திடமிருந்து காணி இன்னும் விடுபடாதோர் வீடு வீடாக மாறுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது முற்பணம். இது பெரும் அநியாயம்.

பிரித்தானியாவில் வாடகை உதவி பெறுவோர் வீடு மாறும்போது முற்பணத்துக்கும் உள்ளூராட்சி சபையிடம் விண்ணப்பிக்கலாம். இங்கும் பிரதேச செயலகம் ஊடாக வட்டியில்லா முற்பணக் கடன் கொடுக்கலாம். கிராம அலுவலர் உறுதிப்படுத்த, பணம் நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும்; குடும்பம் சிறு தவணைகளில் திருப்பிக் கட்டட்டும். பெண் தலைமைக் குடும்பங்களிலிருந்து தொடங்குங்கள். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலேயே இதை எடுக்க வேண்டும்.

வாசகி,
கோண்டாவில்