ஓசி வெப்பம் என்று யார் சொன்னது?



அமெரிக்க நீராவி ரயில்களில் பனிக்காலத்தில் எஞ்சினின் கழிவு ஆவியே பெட்டிகளை ஓசியில் சூடாக்கியது, அது பொற்காலம் என்று ஒரு செய்தி நம் குழுவில் சுற்றுகிறது. பௌதிகம் நடத்தியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

பெட்டிகளுக்குப் போனது கழிவு ஆவி அல்ல, கொதிகலனிலிருந்தே எடுத்தது. கொதிநிலைக்கு வந்த ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். பல எஞ்சின்களில் அதற்குக் கையாலேயே கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனின் முதுகு எந்தக் கணக்கில்? டீசல் வந்த பிறகும் சூடேற்றவென்றே தனிக் கொதிகலன் சுமந்தார்கள். கடுங்குளிரில் ஆவிக்குழாய் உறைந்தால் பயணியும் விறைத்தார். 1971இல் ஓடத் தொடங்கிய ஆம்ட்ராக் பின்னர் மின்சாரத்துக்கு மாறியது சும்மாவா?

பழசை ரசியுங்கள். உழைத்தவனை அழித்துவிட்டு ரசிக்காதீர்கள். ஃபார்வர்டு செய்யுமுன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். அதற்குத்தானே பாடம் நடத்தினேன்?