கிட்டில் போட்டாச்சு என்றால் பூட்டியாச்சு என்று அர்த்தமில்லை

டெக்னிகல் சமாச்சாரம் என்று தலைப்பைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள். ஊரை விட்டு வந்து, வீட்டுப் பத்திரத்தையும் பழைய வீடியோவையும் கணினியில் ஏற்றி வைத்திருக்கிற எல்லாருக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

பொட்டி தட்டுகிற நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "கிட்டில் போட்டாச்சு, இனி கவலையில்லை." ஆபீஸ் ப்ரோக்ராமைப் பொறுத்தவரை இது சரிதான். அதே தைரியத்தில் வீட்டு ஃபைல்களையும் அதில் போடக்கூடாது என்பது என் கட்சி. போட்டு இரண்டு முறை மூக்குடைபட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கிட் என்பது ஒரு வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருள். எந்த ஃபைலில், யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும். லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுத ஆரம்பித்தது.

முதல் அடி 2016-ல். பாட்டியின் சதாபிஷேக வீடியோ எட்டு துண்டுகளாக இருந்தது, ஒவ்வொன்றும் சுமார் 400 எம்பி. கூடவே பத்திரம், பட்டா, பாஸ்புக் எல்லாவற்றின் ஸ்கேனும். மொத்தத்தையும் கிட்டில் போட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு அனுப்பினேன். 32-பிட் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். கொஞ்ச நேரம் முனகிவிட்டு, "மெமரி தீர்ந்துவிட்டது, இத்தனை பைட் கேட்டேன், கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றுவிட்டது.

காரணம் இதுதான். ஃபைல்களை மூட்டை கட்டும்போது கிட் ஒத்த ஃபைல்களைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். அதற்காக வழக்கமாகப் பத்து ஃபைல்களை மெமரியில் வைத்து ஒப்பிடும். நாமாக வைத்தாலொழிய இதற்கு மெமரி உச்சவரம்பு கிடையாது. ப்ரோக்ராம் ஃபைல் ஒன்று 20 கேபி என்றால், பத்து சேர்ந்தாலும் 200 கேபி. பிரச்சனையே இல்லை. என் வீடியோக்கள் எட்டும் சேர்ந்தால் 3,200 எம்பி. 32-பிட் லினக்ஸில் ஒரு ப்ரோக்ராமுக்கு வழக்கமாகக் கிடைப்பதே 3 ஜிபி. வேடிக்கை என்னவென்றால், 512 எம்பியைத் தாண்டிய ஃபைலை கிட் இப்படி ஒப்பிடவே முயலாது. என் வீடியோக்கள் தலா 600 எம்பி இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது!

அன்றைக்கு வந்த கோபத்தில் கிட்டைத் திட்டாத திட்டில்லை. இப்போது யோசித்தால், அது செய்தது ரொம்ப நேர்மையான காரியம். மெமரி கிடைக்காதபோது அரைகுறையாக எதையோ எழுதி ஒப்பேற்றவில்லை. கேட்ட அளவைச் சொல்லிவிட்டு நின்றது. எதையும் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே நிஜப் பெயருக்கு மாற்றுவது அதன் பழக்கம். அதனால் நடுவில் செத்தாலும் மிஞ்சுவது கொஞ்சம் குப்பைதான், பழைய சரித்திரம் கெடாது. "வீடியோ ஃபைல்களை ஒப்பிடாதே" என்று ஒரு வரி செட்டிங் கொடுத்தேன், போய்விட்டது.

இரண்டாவது அடி இப்படிச் சத்தம் போட்டு வரவில்லை. அடுத்த வருஷம் அந்த லேப்டாப் மண்டையைப் போட்டது. வீட்டுக்குப் புது டெஸ்க்டாப் வாங்கி லினக்ஸ் போட்டு, எனக்கு, தங்கமணிக்கு, அப்போது எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த தம்பிக்கு என்று தனித்தனி லாகின் வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாம் அழகாகத் திரும்பி வந்தது. "பார்த்தியா, கிட்டுன்னா சும்மாவா?" என்று தங்கமணியிடம் பெருமை வேறு.

பத்து நாள் கழித்து வேறொரு மெஷினுக்கு எஸ்எஸ்ஹெச் மூலம் போகப் பார்த்தேன். "உங்கள் சாவி ஃபைலை மற்றவர்களும் படிக்கலாம்போல் இருக்கிறது, இதை ஏற்க மாட்டேன்" என்றது. பழைய லேப்டாப்பில் அந்த ஃபைலுக்கு நான் வைத்திருந்தது 600, அதாவது நான் மட்டுமே படிக்கலாம். இங்கே 644, அதாவது லாகின் இருக்கிற யாரும் படிக்கலாம். (அந்தச் சாவியை கிட்டில் போட்டதே தப்பு, அதற்கு என்னைத் தனியாக உதைக்கலாம்.) பதறிப்போய் மற்றவற்றைப் பார்த்தால் எல்லாமே 644. ஃபோல்டரும் திறந்து கிடந்தது. அதற்குள் அப்பா தன் கையால் எழுதிய உயில் வரைவின் ஸ்கேன். "இப்போதைக்குத் தம்பிக்குத் தெரிய வேண்டாம்டா, அவனுக்கு வேலை கிடைக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தது.

கிட் பொய் சொல்லவில்லை. ஃபைல் அனுமதியில் அது ஞாபகம் வைப்பது ஒரே ஒரு விஷயம்: ஃபைல் ப்ரோக்ராமாக ஓடக்கூடியதா, இல்லையா. ஓடும் என்றால் 755, இல்லையென்றால் 644 என்று குறித்துக்கொள்ளும். சொந்தக்காரர் யார், குழு எது, ஃபோல்டருக்கு என்ன பூட்டு, எதுவும் அதன் கணக்கில் இல்லை. திரும்ப எடுக்கும்போது அந்தக் கணினியின் வழக்கமான அனுமதி எதுவோ அதுதான்.

முழு அனுமதியையும் எழுதி வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஆரம்ப நாட்களில் கிட் அப்படித்தான் எழுதியது. ஒருவர் கணினியில் 664, இன்னொருவர் கணினியில் 644. உள்ளே ஓர் எழுத்துகூட மாறாத ஃபைல் மாறிவிட்டதாகக் கணக்கில் வரும். அதனால் 2005 ஏப்ரலிலேயே லினஸ் அதைத் தூக்கிவிட்டார். சப்வெர்ஷனும் மெர்க்குரியலும்கூட ஓடுமா ஓடாதா என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பலர் சேர்ந்து ப்ரோக்ராம் எழுதும் இடத்துக்கு அதுதான் சரி. உங்கள் வீட்டு பீரோவை யார் திறக்கலாம் என்பதை ஊருக்கே பொதுவான ஒரு நோட்டில் எழுதி என்ன பயன்?

ஆக, என் கருத்து இதுதான்: கிட் ஒரு நல்ல கணக்குப்பிள்ளை. அவரிடம் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டவில்லையே என்று கோபித்துக்கொள்ளக்கூடாது.

இப்போது நான் செய்வது: வீடியோக்களை இரண்டு டிஸ்க்கில் நேரடியாகக் காப்பி எடுத்து, ஒன்றை ஊரில் வைத்துவிட்டேன். பத்திரம், உயில் போன்றவற்றை பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்த பிறகுதான் எங்கேயும் அனுப்புவது. கிட்டில் இருப்பவற்றுக்கு எந்த ஃபைலுக்கு என்ன அனுமதி என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அதையும் உள்ளேயே வைத்திருக்கிறேன். திரும்ப எடுத்ததும் முதல் வேலை அதை ஓட்டுவது. லினக்ஸ் சர்வர்களின் செட்டிங் ஃபைல்களை கிட்டில் வைக்கும் எட்ஸிகீப்பர் என்ற மென்பொருளும் இதே வழியில் அனுமதிகளைத் தனி ஃபைலில் எழுதி வைக்கிறது.

அந்தப் பத்து நாளில் தம்பி அந்த ஃபைலைத் திறந்தானா? தெரியாது. அவனுக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது. இன்றைக்கும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், அப்படி ஒன்று இருந்தது என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.