மாற்றுத்திறன் குழந்தையின் பங்கு அடகுப் பொருளா?

வட்டிக்கடைக்காரன் அண்டாவை அடகு பிடிப்பான், தாலிக்கொடியை அடகு பிடிப்பான். டில்லி சர்க்கார் அவனையும் மிஞ்சிவிட்டது. நடக்க முடியாத குழந்தையின் பயிற்சியையும், காது கேளாத குழந்தையின் பாடத்தையும் அது அடகு பிடித்தது. நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள்.

பள்ளிக் கல்விக்காக மத்திய, மாநில சர்க்கார்கள் 60க்கு 40 என்ற விகிதத்தில் பணம் போட்டு நடத்தும் திட்டம் 'சமக்ர சிக்ஷா'. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொண்ட தொகை 3,586 கோடி ரூபாய். அதில் டில்லியின் பங்கு 2,152 கோடி. அந்த ஆண்டு அதில் ஒரு காசும் வரவில்லை. காரணம் என்ன? தமிழ்நாடு கணக்குக் காட்டவில்லையா? பணத்தைக் களவாடிவிட்டதா? இல்லை. 'பி.எம். ஸ்ரீ' என்ற வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தில், அதன் வழியாகப் புதிய கல்விக் கொள்கையை முழுக்க ஏற்பதாக, கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவுதான்! 2025 பிப்ரவரியில் காசியில் நின்றுகொண்டு கல்வி மந்திரி தர்மேந்திர பிரதான், கொள்கையை ஏற்காவிட்டால் பணம் கிடையாது என்று கூசாமல் சொன்னார்.

இந்தப் பணத்தில்தான் மாற்றுத்திறன் குழந்தைகளின் பங்கும் இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம்; அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறைப் பயிற்சி அளிப்போர்; பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது; காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி. எல்லாம் இதன் தயவில்தான். பயிற்றுநர் சம்பளம் போக, ஒரு குழந்தையின் கருவிக்கும் பாடப் பொருளுக்கும் மற்ற வசதிக்கும் திட்டம் வைத்திருக்கும் உச்ச அளவு, ஆண்டுக்கு 3,500 ரூபாய். நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரக் கடையில் இந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்குமா? இதைத்தான் நிறுத்தி வைத்தார்கள்!

ஊரப்பாக்கத்துத் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். முன்பு நாற்று நட்டாள்; நிலம் மனையான பிறகு மறைமலை நகருக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறாள். ஷிப்டுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. எட்டு வயதாகியும் குழந்தை தானாக எழுந்து நிற்கவில்லை. இதே செங்கற்பட்டு மாவட்டத்தில், முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்காக டில்லி சர்க்கார் 2005இல் ஏற்படுத்திய தேசிய நிறுவனம் இருக்கிறது. நல்ல நிறுவனம்தான். ஆனால் வளரும் பிள்ளையை இடுப்பில் சுமந்து, வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறி, வாரா வாரம் போய்வர யாரால் முடியும்? போனால் கூலி போயிற்று. போகாவிட்டால் பிள்ளையின் கால் போயிற்று. பணக்காரன் வீட்டுக்குப் பயிற்சியாளர் காரில் வந்துபோவார். இவளுக்குப் பக்கத்துப் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை.

சட்டம் என்னவோ அழகாகத்தான் பேசுகிறது. 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 குழந்தைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15க்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் வேண்டும் என 2021இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டு கடந்தும் மாநிலங்கள் அசையாததால், நிரந்தரப் பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது.

இங்கே நாம் சென்னைக் கோட்டையையும் கேட்க வேண்டியிருக்கிறது. டில்லியின் அநியாயத்தை எதிர்த்து 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது சரி, வரவேற்கிறோம். ஆனால் இந்தப் பயிற்றுநர்களைத் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக வாட்டியது யார்? கொடி மாறி ஆட்சிகள் வந்தன, தொகுப்பூதியம் மாறவில்லை. 2024 செப்டம்பர்ச் சம்பளம் இத்திட்ட ஊழியர்களுக்கு உரிய தேதியில் வரவில்லை. டில்லி கதவைச் சாத்தினால் இங்கே அடுப்பு அணைகிறது. நிரந்தர ஊழியராக இருந்திருந்தால் அப்படி நேர்ந்திருக்குமா?

சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள்: "கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வதுதானே? குழந்தைகள் தவிக்கலாமா?" குழந்தைகளைத் தவிக்க விட்டவன் யாரோ, அவனைக் கேட்க வேண்டிய கேள்வி இது! ஆலை முதலாளி சம்பளத்தை நிறுத்திவிட்டு, சங்கத்தை விட்டு விலகுவதாக எழுதிக் கொடு, தருகிறேன் என்றால், எழுதிக் கொடு என்பீர்களா? நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவே, இப்படி முடிச்சுப் போடுவது நியாயமல்ல, பணத்தை விடுங்கள் என்று 2025இல் சொல்லிவிட்டது. ஆனால் பட்டினி போட்டால் எந்தக் கையும் நடுங்கும். நம் கேரளத்து இடதுசாரி சர்க்காரே 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து, சில நாளில் நிறுத்தி வைத்தது. சொல்ல நமக்கு வருத்தம்தான், மறைப்பதில் பயனில்லை.

இன்னொரு வேடிக்கை. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு, சர்க்கார் அந்தப் பள்ளிகளுக்குக் கட்டணம் ஈடுசெய்ய வேண்டும். அந்தப் பங்கைப் புதிய கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை ஹைகோர்ட் சொன்னது. அக்டோபரில் அதில் ஒரு பகுதி வந்தது. அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதலில் அவிழ்ந்த முடிச்சு எது என்று பாருங்கள்: தனியார் பள்ளிக் கல்லாவுக்குப் போகும் முடிச்சு!

"ஊராட்சி செய்யக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். எதை வைத்துச் செய்வது? 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே கட்டிப்போட்ட பணம். மீதியில் விளக்கும் ரோடும் பார்க்க வேண்டும். சரிவுப் பாதை ஒன்று கட்டலாம். பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கஜானா சாவி டில்லியில், குழந்தை ஊரப்பாக்கத்தில்.

மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்துத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் அங்கே மூன்று தீர்மானங்களை எழுத்தில் வைக்க வேண்டும்: நிறுத்திய பணத்தை நிபந்தனையின்றிக் கொடு, சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்கு, குழந்தையைப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் தாய்க்கு அந்த நாள் கூலியைக் கொடு. பதிவேட்டில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அன்று லீவு, ஷிப்ட் கிடையாது. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.