ராக்கெட்டை ஏத்துறது பெருசில்ல, எறக்கணும்

பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி வர்ற நேரமாப் பார்த்து, மெட்ராஸ், கோயம்புத்தூர்ல இருக்கிற சொந்தக்காரங்க எனக்குப் போன் போடுவாங்க. "மாமா, நீங்க சிவகாசிப் பக்கம்தான இருக்கீங்க, பையன் ராக்கெட் செய்யணும்ங்கிறான், கொஞ்சம் மருந்து கிடைக்குமா?" எம். புதுப்பட்டின்னா வீட்டுக்கு வீடு பருப்பு டப்பா பக்கத்துல வெடிமருந்து டப்பா இருக்கும்னு நெனப்பு போல. கிடைக்காதுங்க. கிடைச்சாலும் தரமாட்டேன்.

எங்க பக்கம் மருந்து வேலைன்னா உரிமம் வாங்கின ஆலையில, தள்ளித் தள்ளிக் கட்டின அறையில, ஒரு அறைக்கு இத்தனை பேருன்னு கணக்கு வச்சுச் செய்யவேண்டியது. அப்படிச் சட்டதிட்டம் எல்லாம் இருந்தும் ஆள் போகுது. 2023 அக்டோபர்ல ரெங்கபாளையத்துல நடந்ததைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. உரிமம் இல்லாம வீட்டுல வெடிமருந்து செய்யக்கூடாதுன்னு 1884-லேயே சட்டம் போட்டாச்சு. யூடியூப்பைப் பார்த்து அடுப்படியில கலக்குற பயலுக்கு அது தெரியாது, அப்பா அம்மாவுக்காவது தெரியணும்.

அதனால என் அபிப்பிராயம் இதுதான்: பையன் கையால செய்யவேண்டியது மருந்து இல்ல, பாராசூட்டு.

இது நான் புதுசாச் சொல்றது இல்ல. 1950-கள்ல அமெரிக்காவிலயும் பயலுக இரும்புக் குழாய்ல மருந்தை அடைச்சுக் கையைக் காலை இழந்துக்கிட்டுதான் இருந்தாங்க. நெப்ராஸ்கா மாநிலத்துல நார்ஃபோக்குங்கிற ஊரு. அங்க ஆர்வில் கார்லைல்னு ஒருத்தர் செருப்புக் கடை வச்சிருந்தார். பட்டாசு வித்தை நல்லாத் தெரிஞ்சவர். 1954 வாக்குல கூடப் பொறந்தவரோட சேர்ந்து அட்டைக் குழாய்ல ஒரு சின்ன ராக்கெட் செஞ்சார். உள்ள பாராசூட்டு மடிச்சு இருக்கும். மேல போய் அது விரிஞ்சு ராக்கெட்டு பத்திரமா எறங்கும், திரும்பவும் விடலாம். அதுக்கு அவர் வச்ச பேரே 'ராக்-எ-சூட்'. இன்னிக்கு உலகம் பூராவும் நடக்குற பொழுதுபோக்கு ராக்கெட்டு அதுல இருந்து வந்ததுதான். பட்டாசு தெரிஞ்ச மனுசன், எப்படி எறக்குறதுன்னு முதல்ல யோசிச்சிருக்கான் பாருங்க.

எறங்குறதைப் பத்தி எனக்கு ஏன் இவ்வளவு கவலைன்னா, எறங்குறது எங்க காட்டுலதான். தீபாவளி ராக்கெட்டோட குச்சி அணையாம வந்து சோளத்தட்டைப் படப்புல விழுந்தா, ஒரு வருசத்து மாட்டுத் தீவனம் ஒரு மணி நேரத்துல சாம்பல். பாலித்தீன் பையில செஞ்ச பாராசூட்டா இருந்தா வேற வினை. மாடு அதை மேஞ்சிரும், வயித்துல சிக்கிக்கும். அதனால துணியில செய்ங்க.

துணிக்கு எங்கயும் அலைய வேண்டாம். ஒடஞ்ச குடையே போதும். எட்டுக் கம்பிக் குடைன்னா எட்டு மூலை தானா இருக்கு, எட்டு நூல் கட்ட வேண்டியதுதான். நூலோட நீளம் குடையோட அகலத்துக்குக் குறையக் கூடாது. உச்சியில ஒரு சின்ன ஓட்டை அவசியம். ஓட்டை இல்லாட்டி அடைபட்ட காத்து ஓரத்து வழியா ஒரு பக்கம் ஒரு பக்கமாப் பிதுங்கும், பாராசூட்டு ஊஞ்சல் மாதிரி ஆடும்.

அளவுக் கணக்கும் இருக்கு. நூறு கிராம் ராக்கெட்டுக்கு 40 சென்டிமீட்டர் அகலத் துணி இருந்தா, வினாடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்துல எறங்கும். அதைப் பாதியாக் குறைக்கணும்னா அகலத்தை ரெட்டிப்பாக்கணும், அதாவது துணி நாலு மடங்கு. சரி, பெருசாவே செஞ்சிருவோம்னா அதுவும் தப்பு. 4 மீட்டர் வேகத்துல 40 மீட்டர் எறங்க பத்து வினாடி ஆகும். காத்து வினாடிக்கு 5 மீட்டர் அடிச்சா அதுக்குள்ள 50 மீட்டர் தள்ளிப் போயிரும். ஆடி மாசத்துக் காத்துல விட்டா பக்கத்து ஊர்ல போய்த்தான் தேடணும்.

எல்லாத்தையும் விட, மடிக்கிறதுலதான் வித்தை இருக்கு. நூல் முறுக்கிக்காம, துணி ஒட்டிக்காம மடிக்கணும். கொஞ்சம் முகப்பவுடர் தூவினா ஒட்டாது. 1967 ஏப்ரல் 24-ல ரஷ்யாவோட சோயுஸ்-1 எறங்குறப்ப பெரிய பாராசூட்டு பெட்டியை விட்டு வெளிய வரலை, கொமரோவ்ங்கிற விண்வெளி வீரர் செத்துப்போனார். நம்ம இஸ்ரோவும் ககன்யானுக்கு ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி, 2023 அக்டோபர் 21-ல ஸ்ரீஹரிகோட்டாவுல வெறும் கூண்டைத்தான் மேல அனுப்பி, பாராசூட்டுல கடல்ல எறக்கிப் பார்த்தாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துப் பாராசூட்டு, ஒண்ணு பின்னால ஒண்ணா.

மருந்து இல்லாம எப்படி மேல போகும்னு கேப்பீங்க. ஒரு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, சைக்கிள் பம்புல காத்து. அது போற போக்கைப் பார்த்தா நீங்களே அசந்துருவீங்க. பம்பு அடிக்கிறப்ப பெரியவங்க கூட நிக்கணும், பாட்டிலுக்கு நேரா யாரும் குனியக் கூடாது. மேல மூக்குத் தொப்பியை லேசா மாட்டி, அதுக்குள்ள பாராசூட்டை வைங்க. உச்சிக்குப் போய்த் திரும்புறப்ப தொப்பி கழண்டு துணி விரியும். முதல் தடவையே விரிஞ்சா அது அதிர்ஷ்டம்னு வச்சுக்கங்க.

அதுக்கு முன்னாடி மொட்டை மாடியில இருந்து அதே எடையைக் கட்டிப் போட்டுப் பாருங்க. பத்து மீட்டர் உயரத்துக்கு ரெண்டரை வினாடி எடுத்தா கணக்கு சரி. கீழ ஆள் நடமாட்டம் இல்லாமப் பாத்துக்கங்க.

விட இடம் இல்லைன்னா மாசி, பங்குனியில பிள்ளைகளைக் கூட்டிட்டு இங்க வாங்க. மக்காச்சோளம் ஒடிச்சு, என் புஞ்சை வெறுங்காடாக் கிடக்கும். குடையை மட்டும் நீங்களே கொண்டாந்துருங்க, எங்க ஊர்ல மழையும் கம்மி, குடையும் கம்மி.