எலிக்கு ஆறினால் எனக்கும் ஆறுமா?

ஜிம் பக்கம் போகிறவர்கள் இப்போது அடிக்கடி சொல்லும் பெயர் பி.பி.சி. 157. ஜவ்வு கிழிந்தாலும் தசை பிடித்தாலும் இந்த ஊசியைப் போட்டால் சட்டென்று ஆறிவிடுமாம். "அடுத்த மாசமே கிரவுண்டுல இறங்கிடுவேன்டா" என்று நம் கபடி டீம் நண்பன் ஒருவன் கண்கள் மின்னச் சொன்னான். அவன் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்பதே என் கட்சி.

அப்படி என்ன சரக்கு இது? 15 அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோர்த்த செயற்கைப் பெப்டைடு. மனித இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லி, குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் பிரெட்ராக் சிக்கிரிச் குழுவினர் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து வந்தார்கள். எலியின் குதிகால் தசைநாரை வெட்டிவிட்டு இதைக் கொடுத்தார்கள். கொடுக்காத எலியைவிட நன்றாக ஆறியதாம். புது ரத்தக் குழாய்கள் முளைக்க இது உதவுகிறது என்பது அவர்கள் விளக்கம். உழைப்பைக் குறை சொல்ல நான் யார்?

ஆனா, எலி வேற மனுஷன் வேறயாச்சே! மனிதரிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னச் சின்ன ஆய்வுகள்தான். தேங்காய் நாரை யு.டி.எம். மெஷினில் இழுத்துப் பார்த்துவிட்டு, எம்.எஸ். ராடுக்கு ரீடிங் எழுதினால் லேப் சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவாரா? (நம்மில் சிலர் இழுக்காமலேயே ரீடிங் எழுதுவது தனிக்கதை!) இன்னொன்று, புது ரத்தக் குழாய் காயத்துக்கு மட்டுமா வேண்டும்? புற்றுக் கட்டி வளரவும் அதுதான் வேண்டும். அந்தப் பயம் மருத்துவர்களுக்கே இருக்கிறது.

விற்பவர்களின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல" என்று ஒட்டிவிட்டு, அதை மனுஷனிடமே விற்கிறார்கள்! உள்ளே இருப்பது சுத்தமா, அளவு சரியா? கேட்டால் யார் பதில் சொல்வார்? உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 தடைப்பட்டியலில் இதைச் சேர்த்தது. 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், பாதுகாப்பு பற்றிய கவலை உள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது. முட்டி சரியானாலும் ஆட்டம் போய்விடும்.

அந்த நண்பனைப் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னேன். "பஸ் பிடிச்சு டவுனுக்குப் போய், தினமும் யாருடா பார்ப்பா?" என்றான். நியாயமான கேள்வி. கிரவுண்டில் விழுந்தவனுக்கு ஐஸ் கட்டிகூட கேன்டீனில் கெஞ்சி வாங்க வேண்டிய நிலைமை. நம் மாணவர் சங்கம் விளையாட்டு நிதியிலிருந்து வாரம் ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கல்லூரிக்கு வரவழைக்கட்டும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் நான் இதைத்தான் முதலில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.