தண்ணீர் லாரிக்குள் மூன்று பேர்

பாஸ்ராவிலிருந்து குவைத்துக்குப் போகும் பாலைவனச் சாலை. ஆகஸ்ட் மாத வெயில். காலித் தண்ணீர் லாரி ஒன்றின் இரும்புத் தொட்டிக்குள் மூன்று பாலஸ்தீனர்கள் ஒளிந்திருக்கிறார்கள். பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1963இல் வெளியிட்ட ‘வெயிலில் மனிதர்கள்’ என்ற சிறு நாவல் இந்தத் தொட்டியை நோக்கித்தான் நகர்கிறது.

மூவரும் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. 1948இல் ஊரையும் ஒலிவ மரங்களையும் பறிகொடுத்த அபூ கைஸுக்குச் சில ஒலிவக் கன்றுகள் வாங்க வேண்டும், மகனைப் படிக்கவைக்க வேண்டும். பதினாறு வயது மர்வான் தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சோறு போட வேண்டும். குவைத்தில் வேலை இருக்கிறது. உள்ளே நுழையத்தான் காகிதம் இல்லை. எல்லைச் சாவடியில் சில நிமிடங்கள் தொட்டிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்கிறார் ஓட்டுநர். முதல் சாவடியில் தப்பிவிடுகிறார்கள். இரண்டாவதில், குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகள் ஓட்டுநரை ஒரு நடனக்காரியோடு சேர்த்துக் கேலி பேசியபடி கையெழுத்தைத் தாமதிக்கிறார்கள். அந்த அரட்டை முடிவதற்குள் மூன்று உயிர்கள் போய்விடுகின்றன.

ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று ஓட்டுநர் கதறுவதோடு நாவல் முடிகிறது. பாலஸ்தீனர்களின் மௌனத்தைச் சாடும் கேள்வியாகவே பலர் அதை வாசித்தார்கள். 1972இல் தவ்ஃபீக் சாலிஹ் இக்கதையைப் படமாக்கியபோது மூவரையும் தட்டவைத்தார். வெளியே யார் காதிலும் விழவில்லை. அதே ஆண்டு ஜூலை 8 அன்று பெய்ரூத்தில் கார் குண்டுக்குக் கனஃபானி பலியானார். உடன் இறந்த அவருடைய சகோதரி மகளுக்கு வயது 17.

இன்று அந்தக் கேள்வியை இறந்தவர்களிடம் கேட்பது அநியாயம். 2015 ஆகஸ்டில் ஆஸ்திரிய நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற குளிர்பதன லாரியில் 71 சடலங்கள் கிடந்தன. அவர்கள் தட்டினார்கள், கத்தினார்கள். ஓட்டுநருக்குக் கேட்டது, கதவைத் திறக்காதே என்று கும்பல் தலைவன் உத்தரவிட்டது தொலைபேசிப் பதிவில் இருக்கிறது. 2019இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் கன்டெய்னருக்குள் மூச்சுத் திணறி இறந்த 39 வியட்நாமியர்களும் கூரையை உடைக்க முயன்றிருந்தார்கள்.

ஆள்கடத்தியவர்கள் சிறைக்குப் போனது நியாயம். ஆனால், ஒரு நாட்டிடம் தஞ்சம் கேட்கப் பெரும்பாலும் அந்த நாட்டு மண்ணை முதலில் மிதித்தாக வேண்டும். மிதிக்க விசா வேண்டும். போருக்குத் தப்பி ஓடிவருபவருக்கு அந்த விசா கிடைப்பதே அரிது. விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கோ அபராதம். லாரியைத் தேடிப் போகவைப்பது இந்தச் சட்டங்கள்தான்.

மாற்று வழி இருக்கிறது. 2016 முதல் இத்தாலி, கிறித்தவ அமைப்புகளின் பொறுப்பில், லெபனானில் தவித்த சிரிய அகதிகளுக்கு விசா கொடுத்து விமானத்திலேயே அழைத்துவந்தது. அப்படி வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். எல்லைக் காவலுக்குக் கோடிகளைக் கொட்டும் ஐரோப்பிய அரசுகள் இந்த வழியைப் பல மடங்கு அகலப்படுத்த வேண்டும்.